புதியதா, பழகியதா: இரண்டு கிளைகளோடு ஒன்பது ஆண்டுகள்

பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் கன்னடத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில் என்று இரண்டு மொழியிலும் வேலை வரும். ஒன்பது ஆண்டுகளாக இரண்டு கணினிகளிலும் லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள்தான். ஒரே சமயத்தில் அதன் புதிய வரிசையும் முந்தைய வரிசையும் கிடைக்கும், அவற்றைத்தான் கிளை என்கிறேன். உள்ளே என் மேசையில் புதிய கிளை, வாசல் பக்கம் வாடிக்கையாளர் வேலைக்கு நிலையான கிளை. இத்தனை நாள் பழகியதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது மென்பொருளின் வசதிகளைவிட, அந்தக் கிளைகளுக்கு வைக்கும் பெயர்தான். பெயரைப் பார்த்துத்தான் சாதாரண ஆள் தேர்ந்தெடுக்கிறான்.

லிப்ரெஆபிஸ் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய வரிசையை வெளியிடும். அதற்கு ஃப்ரெஷ் என்றும், முந்தைய வரிசைக்கு ஸ்டில் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டுமே அன்றாட வேலைக்கு ஏற்றவை. ஸ்டில்லில் கூடுதலாகப் பல மாதம் வழுக்கள் (மென்பொருளின் பிழைகள்) களையப்பட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஃப்ரெஷ் என்றதும் நமக்குக் கீரைக்கட்டு நினைவுக்கு வருகிறது. ஒன்று ஃப்ரெஷ் என்றால் மற்றது வாடியது என்றுதானே மனம் போகும்? கடைப் பையன் கிருஷ்ணகிரிக்காரன், வந்த புதிதில் கேட்டான்: "ஸ்டில்னா இன்னும் பழசுலயே நிக்கிறதாண்ணா? நமக்கு மட்டும் ஏன் பழசு?"

பதிப்பு எண்ணும் இப்படித்தான். 7.6-க்கு அடுத்து 2024 தொடக்கத்தில் 24.2 வந்தபோது, நடுவில் பதினாறு பதிப்புகளைத் தவறவிட்டோமோ என்று ஒரு வாடிக்கையாளர் பதறினார். 2024-ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம் என்று சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டார். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. வயது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதியதுதான் நல்லது என்று நம்பி நானும் ஒருமுறை பட்டிருக்கிறேன். கும்பாபிஷேக மலர் ஒன்று, 64 பக்கம், பதினாறு பக்க பாரமாக நான்கு பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுப்புதான் பாரம்). அச்சுக்குப் போக வேண்டியதற்கு முந்தின இரவு, பக்க வடிவமைப்புக்கு வைத்திருந்த வேறொரு மென்பொருளை அன்றுதான் வந்த பதிப்புக்கு மாற்றினேன். வரிகள் உடையும் இடம் மாறி, மலர் 67 பக்கமாகிவிட்டது. மூன்று பக்கத்துக்காக ஐந்தாவது பாரம் போட முடியுமா? விடிய விடிய வரிவரியாக இழுத்துச் சரி செய்தேன். அந்தப் பதிப்பின் பெயரில் எங்கேயாவது 'இப்போதுதான் வந்தது' என்று இருந்திருந்தால் அன்று தொட்டிருக்க மாட்டேன்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று மூன்று கிளைகள் உண்டு. பார்க்கத் தெளிவான பெயர்கள்தான். ஆனால் ஸ்டேபிள் என்பதைப் பலரும் 'பாதியில் நின்றுபோகாதது' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே முதல் பொருள் 'மாறாதது'. பாதுகாப்புத் திருத்தமும் பெரிய வழுக்களுக்கான திருத்தமும் வரும், மற்றபடி நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். அச்சு வேலை செய்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நிலையானது, உறுதியானது என்று தமிழில் தனித்தனிச் சொல் இருக்கும்போது, மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் கலக்காமல் இருக்கலாம்.

நான் பார்த்தவரை நேர்மையான பெயர் இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் எல்.டி.எஸ். நீண்டகால ஆதரவு என்று பொருள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஐந்து ஆண்டுக்குத் திருத்தம் கிடைக்கும். புதுசு பழசு என்ற பேச்சே இல்லை, எவ்வளவு காலம் கூட நிற்போம் என்கிற வாக்கு மட்டும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ஈ.எஸ்.ஆரும் (நீட்டித்த ஆதரவு வெளியீடு) இதே வழிதான்.

பையனுக்கு நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்த அன்று, சாப்பாடு கொண்டுவந்த அம்மா காதில் விழுந்தது. "தினச் சோத்துக்குப் புது அரிசி வாங்குவாங்களாடா? குழைஞ்சு போயிடும். பொங்கலுக்குத்தான் புது அரிசி" என்றார். பையனுக்கு அப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையில் ஓராண்டுப் பழைய அரிசிக்குத்தானே விலை அதிகம்!

மறுநாள் அவனே இரண்டு கணினியிலும் சீட்டு ஒட்டினான். உள்ளே இருப்பதில் 'புதியது', வாசலில் இருப்பதில் 'பழையது'. நான் இரண்டாவதை மட்டும் கிழித்துவிட்டு 'பழகியது' என்று எழுதி ஒட்டினேன். புதிய வரிசை வந்தால் என் மேசையில் உடனே நிறுவுவேன், கன்னட ஒத்தெழுத்தும் (எழுத்துக்கு அடியில் சேர்ந்து வரும் மெய்) தமிழ் வரி உடைப்பும் எப்படி வருகிறது என்று பழைய கோப்புகளைத் திறந்து பார்ப்பேன். மூன்று நான்கு திருத்த வெளியீடு தாண்டிய பிறகுதான் வாசல் கணினிக்கு. கையில் அச்சு வேலை இருக்கும் வாரத்தில் இரண்டையும் தொடுவதில்லை.