கேஸ் கீசர் எரியலைன்னு ஆப்ல ஆள் கூப்பிடப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுக் கூப்பிடுங்க

3,850 ரூபாய். கீசருக்குள்ள ஒரு ஸ்க்ரூ கூட மாத்தாம வாங்கிட்டுப் போன காசு. வயிறு எரியுது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

ஓசூர் மார்கழிக் குளிர் தெரியும்ல? குழாயைத் திறந்தா கீசர்ல டிக் டிக் சத்தமே வரலை. அடுப்பு நல்லா எரியுது, அதனால சிலிண்டர்ல குறையில்லை. வீட்டுக்கே மெக்கானிக் அனுப்புற ஆப் ஒண்ணுல புக் பண்ணேன். பேரு வேண்டாம், உங்க போன்லயும் இருக்கும்.

வந்த பையன் கழுத்துல ஐடி கார்டு. ஷூவை வாசல்லயே கழட்டிட்டு, "முதல்ல சிலிண்டர் வால்வை மூடிடறேன்க்கா, சேஃப்டி முக்கியம்"னான். எங்க மாமியார் அப்பவே காபி கலக்கப் போயிட்டாங்க. கீசர் மூடியைக் கழட்டி, உள்ள இருந்த சர்க்யூட் போர்டுல ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினான். "போர்டு போச்சுக்கா, இப்படியே ஓட்டினா கேஸ் லீக்காகும்." கேஸ் லீக்னா யாரு பேரம் பேசுவா? "நீங்க உள்ள இருங்கக்கா, நான் பாத்துக்கறேன்"னு பால்கனிக் கதவைச் சாத்திட்டான். கொஞ்ச நேரத்துல கீசர் எரிஞ்சுது. ஆப்ல கட்டினா ஜிஎஸ்டி ஏறுமாம், அவன் நம்பருக்கே ஜிபே பண்ணச் சொன்னான். 3,850. பழைய போர்டு எங்கடான்னா, கம்பெனிக்குத் திருப்பணுமாம், பையில போட்டுக்கிட்டான்.

அடுத்த வாரமே கீசர் மறுபடி ஊமை. அவன் போன் சுவிட்ச் ஆஃப். ஆப்ல "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு மெஷின் பதில். ஒருவழியா மனுஷக் குரல் கிடைச்சா, "எங்க ரெக்கார்டுல விசிட் சார்ஜ் மட்டும்தான் மேடம் இருக்கு, நீங்க தனியா குடுத்ததுக்கு நாங்க பொறுப்பில்ல." ஆளை அனுப்பினது யாரு, எங்க பாட்டியா? மறுநாள் பார்த்தா புகாரையே முடிச்சு வச்சிருக்காங்க.

கடைசியில அடுப்பு ரிப்பேர் கடை அண்ணன் வந்தார். இந்தக் கீசருக்குக் கரண்ட்டே கிடையாது, ரெண்டு பெரிய டார்ச் செல்லுதான் பொறியும் தட்டும், கேஸ் வால்வையும் திறக்கும்னார். செல் பெட்டியைத் திறந்தா, ரெண்டு செல்லும் வேற வேற கம்பெனி, ஒண்ணுல துரு. எங்கயோ கழட்டின பாதி செத்த செல்லு! புதுசு ரெண்டு போட்டதும் டிக் டிக், குப்புனு பத்திக்கிச்சு. போர்டு? அதை மாத்தவே இல்லை, கீசர் வித்த கடைக்காரர் அதுல ஒட்டின 2019 வாரன்டி ஸ்டிக்கர் தூசியோட அப்படியே இருக்கு. அவன் பையில போட்டது எந்த வீட்டுப் போர்டோ.

என்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், பொறுமையில்லை. முதல்ல ரெண்டு செல்லையும் மாத்துங்க. பிறகு தண்ணி உள்ள போற இடத்துல இருக்கிற சல்லடையைக் கழுவுங்க. போர் தண்ணி மண் அடைச்சு வேகம் குறைஞ்சா பொறியே வராது. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வைக்கவே வைக்காதீங்க, அந்தப் புகை ஆளைக் கொல்லும். கேஸ் வாடை வந்தா 1906க்கு போன் போடுங்க, அது கேஸ் லீக் அவசர நம்பர். கழட்டின பார்ட் உங்க கையில வராம காசு குடுக்காதீங்க. 3,850க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் வச்சு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கேன்.