போர்டு தேர்வுக்கு எப்படிப் படிப்பது: புத்தகமா, கேள்வியா, அட்டையா, ஆள் முதுகா?

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் வைத்தியம். அதற்கான அமெரிக்க உரிமத் தேர்வை போர்டு என்போம். அதன் முதல் பகுதியை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை முதுகெலும்பு உடற்கூறியலில் தவறிவிட்டது. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்கு வந்தவள், மூன்று மாதம் களியக்காவிளை வீட்டில் இருந்தே மறுபடி படித்தேன். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கென்று தனி உரிமத் தேர்வு கிடையாது. அதனால் இங்கே விசாரிக்கவும் ஆளில்லை. அமெரிக்காவில் சேர்ந்து படிக்கும் நம் பிள்ளைகள் இதற்கு எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள் என்பதால், நான்கு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தேர்வைப் பற்றி இரண்டு வரி. நான் எழுதியபோது பொது உடற்கூறியல், முதுகெலும்பு உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல், நோயியல், நுண்ணுயிரியல் என்று ஆறு பாடம். ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 375 வேண்டும். ஒன்றில் அள்ளி எடுத்து இன்னொன்றின் குறையை மூட முடியாது. முறைகளை ஒப்பிடும்போது எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. எந்தப் பாடத்தில் உங்களுக்குப் பள்ளம் இருக்கிறதோ, அந்தப் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கிற முறையே நல்ல முறை.

புத்தகம் அதைக் காட்டாது. முதல் தடவை நான் பாடநூலை நான்கு முறை படித்தேன், மஞ்சள் மை தீரும் வரை கோடு போட்டேன். நான்காவது முறை எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்த முகமாக இருந்தது, அவ்வளவுதான். பேர் கேட்டால் வராது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழ்: படித்தவர்களுக்கு நினைவில் நின்றது 40 சதவீதம், ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களுக்கு 61 சதவீதம். இதை முதல் தடவைக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளாமல் போனேனே என்று இன்றும் வருத்தம் உண்டு.

அதனால் இரண்டாம் தடவை கேள்விப் பயிற்சியை முதலில் வைத்தேன். நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பின்பக்கவாட்டில் பிதுங்கினால் எந்த நரம்பு வேர் நசுங்கும்? நான்காவது என்று குறித்தேன். தவறு, ஐந்தாவது. அதே மாதிரி கழுத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பிதுங்கினால் ஆறாவது. இரண்டிலும் விடை கீழே இருக்கும் எலும்பின் எண்தான், ஆனால் காரணம் வேறு. கழுத்தில் முள்ளெலும்பு ஏழு, நரம்பு எட்டு. முதல் ஏழு நரம்பும் தத்தம் எலும்புக்கு மேலே வெளியேறும். இடுப்பில் தன் எலும்புக்குக் கீழே வெளியேறும். நான்காவது வேர், இரண்டு எலும்புக்கும் நடுவே நரம்பு வெளியேறும் துளையின் மேல்பகுதி வழியாகத் தட்டைத் தொடாமல் தப்பிவிட, கீழே இறங்கிப் போகிற ஐந்தாவது மாட்டிக்கொள்ளும். இந்தக் காரணம் நான்கு முறை படித்த அதே பக்கத்தில்தான் இருந்தது. தவறு செய்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

கேள்விப் பயிற்சிக்கும் ஒரு ஆபத்து உண்டு. ஒரே தொகுப்பை மூன்றாவது சுற்று போட்டால் கேள்வியின் சாயலை வைத்தே விடை சொல்லிவிடுவோம். மற்ற விடைகள் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நோட்டில் எழுதினேன். வேகம் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் அதை விடவில்லை.

நினைவு அட்டை வேதியியலுக்கும் நுண்ணுயிரியலுக்கும் போதும். தயமின் குறைந்தால் பெரிபெரி, நியாசின் குறைந்தால் பெல்லாக்ரா என்கிற வகைச் செய்திகளை மருந்து மாதிரி நாளுக்கு இத்தனை என்று இடைவெளி விட்டு எடுத்தால் தங்கும். ஆனால் எதற்குப் பக்கத்தில் எது போகிறது என்பதை அட்டை சொல்லித் தராது.

அதைச் சொல்லித் தந்தது மாமாவின் முதுகு. மாமா மார்த்தாண்டம் பக்கம் வர்ம ஆசான், உடம்பின் வர்மப் புள்ளிகளை வைத்து வைத்தியம் பார்ப்பவர். சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் குனிந்து உட்காருவார். கழுத்தடியில் முட்டி நிற்கும் ஏழாவது எலும்பில் தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணி இறங்குவேன். தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக மார்பு முள்ளெலும்பு ஏழு வர வேண்டும். இரண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் இணைத்தால் இடுப்பு நான்கு. முதல் வாரம் ஒருநாளும் கணக்கு ஒத்துவரவில்லை. "விரலை அமுக்காத மக்ளே, அமுக்குனா சதைதான் பேசும், எலும்பு பேசாது" என்பார். விரலை லேசாக்கிய பிறகு எண்ணிக்கை சரியானது. படத்தில் தட்டையாக இருந்த முதுகெலும்பு எனக்கு உருண்டு திரண்டது அந்தத் திண்ணையில்தான்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்து வைத்தேன். மாமா சொல்லும் 108 வர்மத்தையும் போர்டு கேட்கும் நரம்பு எண்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க ஆசை வரும். அவை இரண்டு தனிக் கணக்குகள். மாமாவே அதைக் கலக்க விடவில்லை. கையின் நிதானத்தை மட்டும்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

கூட்டாகப் படிப்பது எனக்குச் சிறிய உதவிதான். பாறசாலையில் பிசியோதெரபி படிக்கும் தோழி ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவள் மலையாளத்தில் கேட்க, நான் தமிழில் நோயியல் சொல்வேன். வாய்விட்டுச் சொல்லும்போது தடுமாறிய இடங்களை மறுநாள் பார்ப்பேன். அதற்கு மேல் பேச்சுதான் ஓடும்.

மூன்று மாதம் கையில் இருப்பவர்கள் முதல் வாரமே, ஒன்றும் படிக்காமல், ஆறு பாடத்திலும் கேள்வி போட்டுப் பாருங்கள். மிக மோசமான பாடத்துக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள். புத்தகத்தைத் தவறிய கேள்வியோடு மட்டும் திறங்கள். அட்டைக்கு பஸ் நேரம் போதும். ஒரே மாதம்தான் இருக்கிறது என்றால் நான் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுவேன், முதுகை விடமாட்டேன். வீட்டில் யாராவது ஒருவர் பத்து நிமிடம் குனிந்து உட்கார்ந்தால் போதும்.