வேலூரிலிருந்து லண்டன்: சென்னையா, பெங்களூரா?

மகள் லண்டனில் படிக்கப் போனதிலிருந்து நானும் மனைவியும் இரண்டு முறை போய் வந்துவிட்டோம். முதல் முறை பெங்களூரு வழியாக, அடுத்தது சென்னை வழியாக. இனி எங்களுக்குச் சென்னைதான்.

முதலில் பெங்களூரைப் பிடித்ததற்குக் காரணம் தூரக் கணக்கு. ஹீத்ரோவுக்கு நேர்கோட்டில் சென்னையிலிருந்து சுமார் 8,200 கி.மீ., பெங்களூரிலிருந்து சுமார் 8,000. அந்த ஊர் மேற்கே இருப்பதால் 200 கி.மீ. மிச்சம். ஆனால் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்துக்கு அது கால் மணி நேரம்கூட இல்லை. எங்கே ஏறினாலும் போகும்போது பத்தரை, பதினொரு மணி நேரம் ஆகும். திரும்பும்போது மேல்காற்று கூடவே வீசுவதால் கொஞ்சம் குறையும். போர் நடக்கும் நாடுகளைச் சுற்றிப் போனால் நேரம் கூடும், அது இரண்டுக்கும் பொது.

வித்தியாசமெல்லாம் தரையில்தான். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 130 கி.மீ., பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி 200-க்கும் மேல். வானில் மிச்சமான கால் மணி நேரத்துக்காகச் சாலையில் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறோம், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். அன்று எங்கள் டிரைவர் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனார். அத்திப்பள்ளி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, வண்டி ஊர்ந்தது. மனைவி மடியில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தாள். விமானத்தைப் பிடித்துவிட்டோம், ஆனால் அந்தப் பதைபதைப்பு லண்டன் போய்ச் சேரும்வரை அடங்கவில்லை. சித்தூர், பலமநேர், கோலார் வழியாக ஓஸ்கோட்டை போயிருந்தால் நகர நெரிசல் குறைந்திருக்கும் என்றார்கள். இருக்கலாம், நான் அந்தப் பக்கம் போனதில்லை.

சென்னைக்கும் காரில் போனால் வாலாஜாவுக்கு அப்புறம் சாலைப் பணி, பூந்தமல்லி நெரிசல் என்று இதே கதைதான். அதனால் இரண்டாம் முறை ரயிலில் போனோம், எனக்கு முடிவைத் தந்தது அதுதான். விடியற்காலை விமானம் என்பதால் முந்தைய நாள் மாலை காட்பாடியில் பிருந்தாவன் ஏறினோம். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரல், அங்கேயே கீழே இறங்கினால் மெட்ரோ, முக்கால் மணி நேரத்துக்குள் விமான நிலையம். வழியில் ஒரு சிக்னல் கிடையாது. எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற பயணம் அது, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிற நாளில் அதைவிட வேறென்ன வேண்டும்? பெங்களூரில் விமான நிலைய மெட்ரோ தடம் இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது, ரயிலில் போனாலும் கடைசியில் பஸ்ஸையோ டாக்சியையோ நம்பித்தான் ஆக வேண்டும்.

சிரமமும் உண்டு. 23 கிலோ பெட்டிகள் இரண்டைக் காட்பாடி நடைமேடையில் தூக்கி ஏற்ற இளவட்டம் ஒருவர் கூட வர வேண்டும், எங்களுக்கு மைத்துனர் மகன் வந்தான். விமான நிலையத்தில் ராத்திரி முழுக்க நாற்காலியில்தான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இப்படி அழைத்துப் போகச் சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கார்தான் சரி, நெரிசலுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கி முன்கூட்டியே கிளம்பிவிடுங்கள்.

இதெல்லாம் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு. வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் இருந்தால் பெங்களூரு கிட்ட வந்துவிடும், கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.