ஆறேமுக்கால் லீற்றர்: பென்ட்லி மல்சானோடு ஆறு வருடம்

லண்டனில் சாரதி வேலை எனக்கு. கிழமை நாட்களில் விமான நிலையமும் அலுவலகங்களும். சனி, ஞாயிறென்றால் பெரும்பாலும் எங்கட சனத்தின் கலியாணங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் 2014ஆம் ஆண்டு மாடல் பென்ட்லி மல்சான் சொகுசுக் கார் ஒன்று நின்றது. ஆறு வருடம் அதன் திறப்பு என் சட்டைப்பையில்தான் கிடந்தது. இப்போது அதை விற்றுவிட்டார்கள். "அந்தக் கார் எப்படி? பழசாக ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக இனிக் கிடைக்காது. 2009இல் அறிமுகமான மல்சானின் கடைசிக் கார் 2020 ஜூனில் இங்கிலாந்தின் க்ரூ தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. மொத்தம் கட்டியது 7,300 சொச்சம்தான். ஒரு காருக்கு ஏறத்தாழ 400 மணித்தியாலம் கைவேலை. கூரையிலிருந்து பின்தூணுக்கு இறங்கும் வளைவில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஒரு பொருத்தும் தட்டுப்படாது. அந்த இடத்தைக் கையாலேயே பற்றவைத்துத் தேய்த்து மூடுவார்கள். ஆறு வருடமும் அந்தக் காரைக் கழுவியவன் நான். துணி அந்த வளைவில் எங்கேயும் தடக்குப்பட்டதில்லை.

உள்ளே எனக்குப் பிடித்தது ஒரு சின்னச் சாமான். காற்று வரும் வட்டத் துவாரங்களுக்குக் கிட்ட, பழைய தேவாலய ஓர்கனில் இருப்பதுபோல உலோகக் குமிழ்கள் இருக்கும். இழுத்தால் காற்று வரும், தள்ளினால் நிற்கும். மாரி விடியலில் தொட்டால் குளிரும். அசல் உலோகமென்று விரலுக்குத் தெரியும். இழுக்கும்போது முழுத்தூரமும் ஒரே இறுக்கத்தோடு வரும், ஆட்டமில்லை, சத்தமில்லை. கடைசியாக 30 கார்கள் விசேடமாகச் செய்தபோது, இந்தக் குமிழ்களின் முனையை எஞ்சின் எண்ணெய் மூடியின் வடிவத்திலேயே செய்து வைத்தார்கள். எஞ்சினுக்குச் செய்த மரியாதை அது.

அந்த எஞ்சினுக்கு அது தகும். 1959இல் பென்ட்லியின் எஸ்2 மாடலில் 6.2 லீற்றரோடு வந்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் இது. 1970 வாக்கில் ஆறேமுக்கால் லீற்றராகி, பிறகு டேர்போ ஏறி, 2020 வரை ஓடியது. அறுபது வருடத்தில் 36,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். இந்தக் காலத்து வி8களில் பெரும்பாலானவற்றில், வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான காம் ஷாஃப்ட் நாலு மேலே இருக்கும். இதில் ஒன்றே ஒன்று, அதுவும் நடுப்பிளொக்குக்குள். அங்கிருந்து புஷ் ரொட் கம்பிகள் வால்வுகளைத் தள்ளும்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் அவர் கையில் பிழைத்த கார்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடவிடுவார். 2017இல் லண்டன் வந்தபோது மல்சானின் பொனெற்றைத் திறந்து காட்டினேன். எஞ்சினைப் பொருத்தியவர் கையெழுத்திட்ட தகட்டைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

"காம் ஷாஃப்ட் எத்தினை?"

"ஒண்டுதான் அப்பா. புஷ் ரொட்."

"அப்ப எங்கட ஒஸ்ரினைப் போலதான், தம்பி. ஸ்ரார்ட் பண்ணு பாப்பம்."

பண்ணினேன். குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

இலக்கமாகச் சொன்னால் 505 குதிரைவலு, 1,020 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அந்த விசை முழுவதும் நிமிடத்துக்கு 1,750 சுற்றிலேயே கைக்கு வந்துவிடும் என்பதுதான் சாரதிக்கு முக்கியம். எஞ்சினை அலறவைக்கத் தேவையே இல்லை. ஒரு கலியாணத்தன்று, விடியவிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மணப்பெண்ணுக்காக அவவின் பெரியம்மா பிளாஸ்க்கைத் திறந்து, முன்சீற்றின் முதுகிலிருந்து விரியும் மர மேசையில் தேத்தண்ணி ஊற்றி வைத்தா. கூறைச் சேலை ஒரு சாண் தூரத்தில். சிக்னல் பச்சையாகியது, பின்னால் லொறி. எனக்கு நெஞ்சு அடித்தது. காலை மெதுவாக வைத்தேன். இரண்டே முக்கால் தொன்னுக்குக் கொஞ்சம் குறைந்த வண்டி, படகு கரையை விட்டு விலகுகிற மாதிரிக் கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தேன். கோப்பையில் தேத்தண்ணி நடுங்கியது, சிந்தவில்லை. அந்தப் பிள்ளை குடித்து முடித்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். பெற்றோல் குடிக்கும்: என்னுடைய ஆண்டு மாடலுக்குக் கம்பனிக் கணக்கே 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 17 லீற்றர். வேகம் சீரானதும் நாலு சிலிண்டர் தானாக உறங்கும், ஆனால் லண்டன் தெருவில் அதற்கெங்கே வாய்ப்பு? நீளம் ஐந்தரை மீற்றருக்கு மேல். அடுக்குமாடித் தரிப்பிடங்களை மறந்துவிடுங்கள். அவ்வளவு நீளத்துக்கும் டிக்கி வெறும் 443 லீற்றர்தான். குடும்பம் முழுவதையும் விமான நிலையத்தில் ஏற்றப் போனால் பெட்டிகளுக்கு இன்னொரு வண்டி வேண்டும்.

புகை விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. காசுள்ளவர்களின் கண்ணும் பென்ட்லியின் பென்டேகா போன்ற உயரமான வண்டிகளுக்குத் திரும்பிவிட்டது. மல்சான் இருந்த இடத்தில் இப்போது பென்ட்லியின் இன்னொரு கார், ஃபிளையிங் ஸ்பர். அதையும் ஓட்டியிருக்கிறேன், வளைவுகளில் மல்சானைவிடக் கெட்டி, நல்ல கார். போர்ஷே பனமேராவோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்வது. ஆனால் விரைந்து போகச் சொல்லிக் காலைத் தூண்டும் கார் அது. பின்சீற்றில் மணப்பெண் இருக்கையில் எனக்கு அந்தத் தூண்டுதல் வேண்டாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: திரையும் வழிகாட்டியும் முக்கியமென்றால் 2016இல் புதுப்பித்த மாடலைத் தேடுங்கள். காலுக்கு இடம் வேண்டுமென்றால் அதே ஆண்டில் வந்த, 250 மில்லிமீற்றர் நீட்டிய மாடல் இருக்கிறது. கலியாண ஓட்டத்துக்கு அதுதான் சரி. பராமரிப்புப் புத்தகம் முழுமையாக இல்லாத காரை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், முப்பது மைல் வேகத்தில் ஒரு மேட்டில் ஏற்றுங்கள். தூரத்தில் யாரோ தாழ்ந்த குரலில் கதைப்பது போல ஒரு சத்தம் மட்டும் கேட்கவேண்டும்.