எக்ஸோஸா, அல்ட்ராஸ்டாரா, தோஷிபாவா? பாலக்காட்டு எல்லை ஸ்டுடியோக்களுக்கு எந்த ஹார்ட் டிஸ்க்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து கல்யாண வீடியோ ஸ்டுடியோக்கள் கோயம்புத்தூர் கடைகளில் ஹார்ட் டிஸ்க் விலை விசாரிக்கும்போது, முதலில் கேட்பது "எத்தனை டி.பி., என்ன விலை?" என்பதுதான். அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகத்தில் எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. ஆகும். மூன்று கேமரா, எட்டு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கே ஒரு டி.பி.க்கு மேல். முகூர்த்த மாதத்தில் பத்துக் கல்யாணம் வந்தால் 10 டி.பி. உள்ளே வரும். பேக்கப் எடுக்க அதையே மறுபடி படித்தால் மாதம் 20 டி.பி. டிஸ்கின் மேல் ஓடும்.

டிஸ்க் தயாரிப்பாளர்கள் வருடத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் வேலைச்சுமை வரம்பில் எழுதுவது, படிப்பது இரண்டுமே சேரும். சீகேட் பாராகுடா போன்ற சாதா டெஸ்க்டாப் டிஸ்குக்கு அது 55 டி.பி. மேலே சொன்ன வேகத்தில் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும். ஐயன்வுல்ஃப், ரெட் பிளஸ் போன்ற நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) டிஸ்குகளுக்கு 180 டி.பி. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் நிரம்பிய 12 டி.பி. டிஸ்கை நாஸ் பெட்டி மாதம் ஒருமுறை முழுதாகச் சரிபார்த்தாலே வருடத்தில் 144 டி.பி. படித்துவிடும். எக்ஸோஸ் (சீகேட்), அல்ட்ராஸ்டார் (வெஸ்டர்ன் டிஜிட்டல்), தோஷிபா எம்.ஜி. என்ற மூன்று எண்டர்பிரைஸ், அதாவது சர்வர்களுக்கான, வரிசைகளுக்கும் வரம்பு 550 டி.பி., வாரண்டி 5 வருடம். டெஸ்க்டாப் டிஸ்குக்கு வாரண்டி 2 வருடம், சாதா நாஸ் டிஸ்குக்கு 3. விலையை டி.பி.யால் வகுத்து, அதை வாரண்டி வருடத்தால் மறுபடி வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த டிஸ்க் பல நேரம் மலிவாக நிற்காது.

பாராகுடாவில் இன்னொரு சிக்கல்: 8 டி.பி. மாடல் எஸ்.எம்.ஆர். முறையில் எழுதுகிறது. தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல ஏறி நிற்பதால், ஏற்கெனவே எழுதிய இடத்தில் திருத்தி எழுத பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். 200 ஜி.பி.யை ஒரே மூச்சில் காப்பி போட்டால் முதலில் வேகமாகப் போய் நடுவில் படுத்துவிடுவது இதனால்தான். பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் டேட்டா போகாமல் காக்கும் ரெய்டு அமைப்பில் இந்த டிஸ்கைப் போடவே கூடாது.

இனி மூன்று போட்டியாளர்கள். 18 டி.பி. அளவில் எக்ஸோஸ் எக்ஸ்18 நொடிக்கு 270 எம்.பி. வரை, அல்ட்ராஸ்டார் எச்.சி.550 269, தோஷிபா எம்.ஜி.09 281. மூன்றும் நிமிடத்துக்கு 7200 சுற்று, ஹீலியம் அடைத்தவை, எஸ்.எம்.ஆர். அல்லாதவை. கேஷ் (இடைக்கால நினைவகம்) எக்ஸோஸில் 256 எம்.பி., மற்ற இரண்டிலும் 512. இந்த வேகம் தட்டின் வெளி ஓரத்தில்தான். டிஸ்க் நிரம்ப நிரம்ப ஏறக்குறைய பாதியாகிவிடும். சாதா கிகாபிட் நெட்வொர்க்கில் 110 எம்.பி.க்கு மேல் வராது என்பதால், இந்த 10 எம்.பி. வித்தியாசத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. 2.5 கிகாபிட் சுவிட்ச் போட்டால்தான் டிஸ்கின் முழு வேகமும் கைக்கு வரும். எடிட்டிங் டைம்லைனை இவற்றில் எதிலும் ஓட்ட வேண்டாம். அதற்கு எஸ்.எஸ்.டி. வேண்டும்.

எண்டர்பிரைஸ் டிஸ்கின் உண்மையான பலம் பிழையைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. படிக்க முடியாத செக்டர் வந்தால் சில நொடிகளில், வழக்கமாக ஏழில், விட்டுக்கொடுத்து ரெய்டுக்குத் தகவல் சொல்லிவிடும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக் கணக்கில் முட்டி மோதும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் நல்ல டிஸ்கும் ரெய்டிலிருந்து தூக்கி எறியப்படலாம். வெளியேறியதற்குப் பதிலாகப் போட்ட 18 டி.பி. டிஸ்கில் டேட்டாவை மீண்டும் கட்டியெழுப்ப சராசரி 200 எம்.பி. வேகத்தில் 25 மணி நேரம். அந்த ஒரு நாளில் இன்னொரு டிஸ்க் இப்படி வெளியேறினால், ஒரு டிஸ்க் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5 போச்சு. நான்கு டிஸ்க் வாங்குபவர்கள் இரண்டு இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 அல்லது ஒன்றுக்கு ஒன்று நகலாக இருக்கும் இரண்டு ஜோடி மிரர் என்று போகவும்.

சத்தம் பற்றிச் சொல்லியாக வேண்டும். எக்ஸோஸ் படிக்கும்போது கடகடக்கும். அல்ட்ராஸ்டார் சும்மா இருக்கும்போதும் ஐந்து நொடிக்கு ஒருமுறை 'டொக்' என்னும். அது பழுது அல்ல. டப்பிங் அறையில் வைக்காதீர்கள். 550 டி.பி. வரம்புள்ள இன்னொரு வழியாகப் புதிய ஐயன்வுல்ஃப் ப்ரோவையும் பார்க்கலாம். 5 வருட வாரண்டியோடு 3 வருட டேட்டா மீட்புச் சேவையும் சேர்ந்து வருகிறது. எக்ஸோஸை விட விலை கொஞ்சமே கூட என்றால் அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

பாலக்காட்டுக் கணவாயின் மார்ச், ஏப்ரல் வெயிலில் ஏ.சி. இல்லாத அறை 40 டிகிரியைத் தொடும். டிஸ்குகளின் மேல் வரம்பு 60. நான்கை நெருக்கி அடுக்கினால் அறைச் சூட்டுக்கு மேல் 15 டிகிரி ஏறுவது சாதாரணம். டிஸ்குக்கு நேர் முன்னால் 120 எம்.எம். ஃபேன் ஒன்று கட்டாயம். 50-ஐத் தாண்டினால் பெட்டியை மாற்றுங்கள். கரண்ட் போகும்போது வீட்டு இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியை நம்பாமல் தனி யு.பி.எஸ். வையுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 192-ஆம் எண் ஏறிக்கொண்டே போனால் கரண்ட் திடீர் திடீரென அறுபடுகிறது என்று அர்த்தம். 199 ஏறினால் குற்றம் பெரும்பாலும் கேபிளில். 5, 197, 198 ஏறினால்தான் டிஸ்கை மாற்ற வேண்டும்.

மலிவு என்று மாட்டிவிடும் கண்ணிகள்தான் அதிகம். சர்வர்களுக்கான எஸ்.ஏ.எஸ். இணைப்பு டிஸ்க் சாதா கணினியின் சாட்டா போர்ட்டில் நுழையவே நுழையாது, அதை இணைக்கத் தனி எச்.பி.ஏ. கார்டு வேண்டும். பழைய சர்வரிலிருந்து கழற்றியவை 520 பைட் செக்டரில் இருக்கலாம், அவற்றை மறுபடி ஃபார்மேட் செய்தால்தான் கணினி ஏற்கும். அல்ட்ராஸ்டாரிலேயே எச்.சி.620, எச்.சி.650 இரண்டும் ஹோஸ்ட் மேனேஜ்டு எஸ்.எம்.ஆர்., அதாவது எங்கே எழுதுவது என்பதைக் கணினியே நிர்வகிக்க வேண்டியவை; விண்டோஸிலும் சாதா நாஸ் பெட்டியிலும் வேலை செய்யாது. புது டிஸ்க் சுற்றவே இல்லையென்றால் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் வரும் 3.3 வோல்ட் காரணமாக இருக்கலாம். அந்தப் பின்னுக்கு காப்டன் என்னும் மின்காப்பு டேப் ஒட்டினால் ஓடும்.

2025 தொடக்கத்தில் ஓடித் தேய்ந்த எக்ஸோஸ் டிஸ்குகள் ஓடிய மணிக்கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவை என்று விற்கப்பட்டது வெளியே வந்தது. ஸ்மார்ட் எண்ணை அழித்தவர்கள், சீகேட் டிஸ்க் தனியாக வைத்திருக்கும் ஃபார்ம் பதிவை அழிக்கவில்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 என்ற நிரல் அந்தப் பதிவைப் படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாத டிஸ்கைத் திருப்பிக் கொடுங்கள். வாங்குமுன் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பாருங்கள். அந்த நம்பர் பில்லிலும் இருக்க வேண்டும். சர்வர் கம்பெனிக்குப் போன டிஸ்குக்கு உங்களிடம் நேரடி வாரண்டி கிடையாது. மூன்றில் எதை எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இந்தச் சோதனையில் தேறியதில் விலை குறைந்தது.

வந்ததும் டேட்டா ஏற்றாமல் ஸ்மார்ட் நீண்ட சோதனையை ஓட்டுங்கள், ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதன்பின் லினக்ஸின் பேட்பிளாக்ஸ் நிரலால் முழு டிஸ்கிலும் எழுதிப் பார்க்கும் சோதனை. 16 டி.பி. வரை பிளாக் அளவு 4096 போதும், 18 டி.பி.க்கு 8192 தர வேண்டும், இல்லையென்றால் எண் வரம்பு தாண்டி நிரல் நின்றுவிடும். நான்கு சுற்று எழுதி நான்கு சுற்று படிக்க எட்டு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், கடையின் மாற்றித்தரும் கெடுவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.