கும்பகோணத்து ஊட்டச்சத்து ஆலோசனை மையம்: குடல் மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு எவ்வளவு உதவும்?

என் தங்கை மகனுக்குச் சென்னையில் குடல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஊர் திரும்பியபின், அவனது அன்றாட உணவு குறித்து ஆலோசனை பெற, கும்பகோணத்திலுள்ள குழந்தைகள் ஊட்டச்சத்து மையம் ஒன்றுக்குச் சென்றுவருகிறோம்.

அங்கே எனக்குப் பிடித்தது, எடையோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு முறையும் உயரத்தை அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பதுதான். மாற்றுக் குடலை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தால் நீர் கோத்தும் கொழுப்பு சேர்ந்தும் எடை கூடலாம். அதே மருந்து எலும்பின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் என்பதால், எடை சரியாக இருந்தும் உயரம் பின்தங்கும் குழந்தைகள் உண்டு.

கொழுப்பு பற்றிய விளக்கமும் தெளிவாக இருந்தது. அறுவையின்போது, கொழுப்பைச் சுமந்து செல்லும் குடலின் நிணநீர் நாளங்கள் துண்டிக்கப்படுவதால், தொடக்கத்தில் சாதாரணக் கொழுப்பு சரிவர உட்கிரகிக்கப்படுவதில்லை. ஆகவே நிணநீரை நம்பாமல் ரத்தம் வழியாக நேரே கல்லீரலை அடையும் எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெயைத் தரச் சொல்கிறார்கள். தேங்காயெண்ணெயும் அதுதானே என்று எங்கள் வீட்டுப் பெரியவர் கேட்டதற்கு, அதில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் என்றும், அதில் பெரும்பங்கு நிணநீர் வழியையே நாடும் என்றும் ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். செக்கில் ஆட்டினாலும் அது மாறாது!

நம் பக்கத்து உணவுகளை அறிந்து பேசுகிறார்கள். உடல் மாற்றுக் குடலை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டி மெக்னீசியத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், திருவையாற்று வாழைப்பழத்தைக்கூட ரத்த அறிக்கையைப் பார்த்த பிறகே அனுமதித்தார்கள். கொல்லையில் காய்க்கும் பம்பளிமாஸ் அறவே கூடாது. அது டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். நோய் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருப்பதால் பழைய சோற்றுக்கும் காய்ச்சாத பாலுக்கும் தடை. ஸ்டோமா (வயிற்றில் குடலுக்காக வைத்த திறப்பு) வழியே நீர் அதிகம் போகும் நாட்களில் சோடியமும் துத்தநாகமும் உடன் வெளியேறும் என்பதையும், கரும்புச்சாறு போன்ற மிகு இனிப்பு அப்போக்கை மேலும் கூட்டும் என்பதையும் எழுதியே கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. நெடுங்காலம் குழாய் வழியே உணவு பெற்ற குழந்தைக்கு வாயில் எதை வைத்தாலும் அருவருப்பு வருகிறது; மெல்லவும் விழுங்கவும் பழக்கும் பயிற்சியாளர் அங்கே இல்லாதது பெரிய குறை. இருமும் குழந்தைகளோடு ஒரே கூடத்தில் காத்திருக்க வைப்பது அதைவிடக் கவலை தருவது. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு வண்டியிலேயே இருந்து, அழைத்ததும் உள்ளே போவது நல்லது. எம்.சி.டி. எண்ணெயும் சிறப்புப் பால்மாவும் அங்கே கிடைப்பதில்லை, திருச்சியிலிருந்து வரவழைக்கிறோம்.

கட்டணம் நியாயமானதே. மாற்றுச் சிகிச்சை செய்த குழுவின் கடிதமும் அண்மைய ரத்த அறிக்கையும் இல்லாமல் உணவு அட்டவணை எழுதித் தர மறுத்துவிடுகிறார்கள் என்பதால், செல்பவர்கள் இரண்டையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.