வீட்டுச் சிலந்தியை இனங்காண: செயலியா, லென்ஸா?

சுவரோரம் தென்படும் சிறு சிலந்தி எந்த வகை என்று அறிய, படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றலாம். அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து நாமே பார்க்கலாம். இரண்டையும் பயன்படுத்திய நான் லென்ஸின் பக்கமே சாய்ந்திருக்கிறேன்.

செயலியின் வேகம் எல்லோரும் அறிந்ததே. படம் தெளிவாக இருந்தால் நொடிகளில் ஒரு பெயர் வந்துவிடும். பிற பயனர்கள் அதை ஏற்பார்கள் அல்லது திருத்துவார்கள். ஆயினும் நாம் எடுப்பது பெரும்பாலும் மேலிருந்து எடுத்த படம். அதில் தெரிவது நிறம்தான். நிறத்தை நம்ப முடியாது. பல இனங்களில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும், தோலுரித்த புதிதில் உடல் வெளிறிக் கிடக்கும்.

நம்பத்தக்க அடையாளம் கண்களின் அமைப்பே. சிலந்தியை ஒளிபுகும் சிறு டப்பாவில் விட்டு, பஞ்சை மெல்ல உள்ளே தள்ளி அசையாமல் நிறுத்தி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் கண்கள் கறுப்பு மணிகளாக மின்னும். முன்வரிசையின் நடுவில் இரண்டு மட்டும் மிகப் பெரியவையாக நேரே நோக்கினால், அது குதிக்கும் சிலந்தி, ஐயமே வேண்டாம். கீழே நான்கு சிறு கண்களும் அவற்றின் மேல் இரண்டு பெரிய கண்களும் பின்னால் மேலும் இரண்டும் இருந்தால், அது ஓநாய்ச் சிலந்தி. மூன்று ஜோடிகளாக ஆறே கண்கள் இருந்தால்தான் நிதானிக்க வேண்டும். பசையைத் துப்பி இரை பிடிக்கும், மனிதருக்குத் தீங்கற்ற துப்பும் சிலந்திக்கும், நஞ்சுக்காகப் பலரும் அஞ்சும் ரெக்லூஸ் சிலந்திக்கும் இதே எண்ணிக்கைதான். டப்பாவைத் திருப்பிப் பக்கவாட்டில் பாருங்கள்: முன்னதன் தலைமார்பு, அதாவது தலையும் மார்பும் இணைந்த முன்பகுதி, பின்புறம் குவிமாடமாக உயர்ந்திருக்கும், பின்னதற்குத் தட்டையாக இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இந்த மேடு சரியாகத் தெரியாது.

லென்ஸ் பெரும்பாலும் குடும்பம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி, வரைதான் கொண்டு செல்லும். பல சிலந்திகளின் இனத்தை உறுதிசெய்ய இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குஞ்சுகளுக்கு அவை வளர்ந்தே இருக்காது. உடல் 2 மில்லிமீட்டர்கூட இல்லாத சிலந்திகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றை முகத்துக்கு நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்துச் செயலியிடமே விடுகிறேன். அது இனப்பெயரைக் காட்டினாலும், குடும்பப் பெயரை மட்டும் குறித்துக்கொள்வதே என் வழக்கம்.